கால் கொடுத்தாச்சு, அப்புறம்?

போன மாதம் எங்கள் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கெட்ட பெயரோடு வீடு திரும்பினேன்.

விஷயம் இதுதான். கால் இழந்தவர்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் வழங்கும் முகாமை ஒரு சேவை அமைப்போடு சேர்ந்து இந்த வருஷமும் நடத்துவது என்று முடிவு. நல்ல காரியம். நன்கொடை நோட்டு கைக்குக் கை சுற்றி வந்தது. என் முறை வந்தபோது, "போன வருஷம் கொடுத்த கால்களில் இன்றைக்கு எத்தனை கால் நடந்துகொண்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், "என்ன சார், நல்ல காரியம் பண்ணும்போது இப்படியா கேட்பது?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர், "ரிட்டையர் ஆனாலும் சாருக்கு இன்ஸ்பெக்‌ஷன் புத்தி போகலை" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. ஏன் கேட்டேன் என்று அங்கே விளக்க நேரமில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணனைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பத்து வயதில் எனக்குக் காவிரியில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர். சர்க்கரை வியாதி வந்து இருபது வருஷம் அதை மதிக்காமலேயே வாழ்ந்தவர். 2009இல் செருப்புக்குள் கிடந்த ஒரு சிறு கல் அவர் இடது காலைக் குத்திப் புண்ணாக்கியது. காலில் உணர்ச்சி இல்லாததால் இரண்டு நாள் கல்லோடே நடந்திருக்கிறார். விரலில் ஆரம்பித்த புண் பாதத்துக்கு ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டுவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் ஒரு முகாமில் அவருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. காலையில் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள். மறுநாள் சாயந்திரம் கால் தயார். மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, போட்டோ எடுத்தார்கள். அண்ணன் நாலு எட்டு நடந்து காட்டினார். எல்லோரும் கை தட்டினோம். அண்ணி அழுதார். நானும்தான்.

முதல் மாதம் நன்றாகவே போயிற்று. தெருமுனை டீக்கடை வரை போய் வந்தார். மூன்றாவது மாதம், "கால் உள்ளே ஆடுது" என்றார். நடக்கும்போது 'சொத் சொத்' என்று ஒரு சத்தம். பிறகு கால் நுனியில் சிவந்தது. அண்ணன் தானே வைத்தியம் பண்ணிக்கொண்டார். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அந்தக் காலின் அடியில் திணித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் சிவப்பு புண்ணாயிற்று. கால் பரணுக்குப் போயிற்று.

கால் கொடுத்த அமைப்புக்குப் போன் செய்தோம். முகாம் அடுத்த வருஷம்தான், அப்போது அழைத்து வாருங்கள் என்றார்கள். அதில் பொய் இல்லை. அவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், எங்கள் ஊரில் அவர்களுக்குப் பட்டறை கிடையாது.

இனி நான் சொல்வது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணனைத் திட்டினோம். சோம்பேறித்தனம், மனசு வைக்கவில்லை, பிடிவாதம் என்றோம். அப்போது என் வாயில் எப்போதும் இருந்த ஒரு வாக்கியம்: "சுதா சந்திரன் அந்தக் காலை வைத்துக்கொண்டு பரதநாட்டியமே ஆடினார். உங்களுக்குப் பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியாதா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "வலிக்குதுடா தம்பி, சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க" என்றார். இரண்டு வருஷம் நாற்காலியிலேயே கழிந்தது. வெட்டிய காலுக்கு அடியில் இதமாக இருக்கட்டும் என்று ஒரு தலையணை வைத்தோம். அன்போடுதான் வைத்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து 36 வருஷம் வேலை பார்த்தவன். இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் என் தொழில். ஆனாலும் என் வீட்டில் நடந்தது ஒரு பொருத்தக் கோளாறு என்பது எனக்கு உறைக்கவில்லை. 2012இல் வேறொரு ஊரில், மறுவாழ்வுப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில், செயற்கைக் கால் செய்யும் ஒரு டெக்னீஷியன்தான் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் பையன் வயதிருக்கும். அவர் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, எங்கே வலிக்குது? விரலை வச்சுக் காட்டுங்க" என்பது. இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

செயற்கைக் கால் என்றதும் நம் கண் பாதத்தைப் பார்க்கிறது. உண்மையில் உயிர் நிலை மேலே இருக்கிறது. வெட்டியபின் மீந்திருக்கும் காலை ஸ்டம்ப் என்பார்கள். அது உள்ளே உட்காரும் குழிவுக்குச் சாக்கெட் என்று பெயர். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு உடம்பின் பாரம் ஸ்டம்பின் நுனியில் இறங்கக் கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தசைநார் இருக்கிறது. பாரத்தைத் தாங்கக்கூடிய அதுபோன்ற இடங்களில் சாக்கெட் அழுத்தி, தாங்க முடியாத எலும்பு முனைகளில் விலகி நிற்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அச்சுதான் நல்ல சாக்கெட். பாதம் லட்ச ரூபாய் வெளிநாட்டுச் சரக்காக இருந்தாலும், சாக்கெட் சரியில்லை என்றால் அது பரணுக்குப் போகிற கால்தான்.

இப்போது ஒரு சங்கடம். சாக்கெட் மாறாது, ஸ்டம்ப் மாறும். ஆபரேஷன் முடிந்தபின் வீக்கம் வடிந்து, வேலையில்லாத சதை வற்றி, மாதத்துக்கு மாதம் கால் மெலியும். முதல் வருஷத்தில்தான் இந்த மாற்றம் அதிகம். இது நோயாளியின் குற்றமும் இல்லை, கால் செய்தவரின் குற்றமும் இல்லை. எல்லோருக்கும் நடப்பது. மெலிந்த கால் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும். அப்போதுதான் நுனி தரையில் முட்டுவதுபோல் அடியில் முட்டும். அண்ணனின் சிவப்புக்கும் புண்ணுக்கும் அதுதான் காரணம்.

அதற்கு மருந்து அடியில் துணி திணிப்பது அல்ல. அது புண்ணை இன்னும் அழுத்தும். ஸ்டம்பைச் சுற்றிப் போட, பருமன் வாரியாகத் தனிச் சாக்ஸ் இருக்கிறது. லூஸானால் ஒன்று கூடப் போட வேண்டும், இறுகினால் ஒன்றைக் கழற்ற வேண்டும். காலையில் ஒரு அளவு, சாயந்திரம் ஒரு அளவு என்றுகூட இருக்கலாம். சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டும் ஆடினால் புதுச் சாக்கெட் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவுதான். சாக்ஸுக்கு ஆகும் செலவு சொற்பம். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு மனிதர் இரண்டு வருஷம் நாற்காலியில் இருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேரிங் போட்டால், வண்டியை ஓட்டிப் பார்த்து, சூடு இருக்கிறதா, சத்தம் வருகிறதா என்று தொட்டுப் பார்த்து, திரும்ப இறக்கிச் சரி செய்து அனுப்புவோம். இரும்புக்கே அந்த மரியாதை. மாதாமாதம் மாறுகிற சதைக்கும் எலும்புக்கும் ஒரு தடவை மாட்டிவிட்டுக் கை தட்டினால் போதும் என்று எப்படி நினைத்தோம்?

தலையணை விஷயத்துக்கு வருகிறேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் முழங்கால் மடங்கியே இருக்கும். மாதக்கணக்கில் மடங்கிய கால் பிறகு நீளாது. அண்ணனுக்கு அதுதான் ஆயிற்று. நீளாத முழங்காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. மூன்று மாதம் பிசியோதெரபி செய்தும் முழுக்க நீளவில்லை. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அந்தக் காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும், அவ்வப்போது குப்புறப் படுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

சுதா சந்திரன் கதைக்கும் வருகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1981இல் நம் திருச்சிக்கு அருகே நடந்த விபத்தில் அடிபட்டு, காலில் விஷம் ஏறி, வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மறுபடி மேடையேறினார். அவர் கதையையே 1985இல் தெலுங்கில் 'மயூரி' என்று படமாக எடுத்து அவரையே நடிக்க வைத்தார்கள். நாங்கள் தியேட்டரில் கண் கலங்கப் பார்த்தோம்.

ஆனால் நாங்கள் பார்த்தது ஆட்டத்தை மட்டும். விபத்துக்கும் மேடைக்கும் நடுவில் மூன்று வருஷம் இருக்கிறது. அந்த வருஷங்களில் காலைச் செய்து கொடுத்தவர்களும், திருத்திக் கொடுத்தவர்களும், நடக்கப் பழக்கியவர்களும் இருந்தார்கள். அவர் மனவலிமையைக் குறைத்துச் சொல்லவில்லை. மனவலிமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டு, அதையே கம்பாக்கி வீட்டில் இருக்கும் நோயாளியை அடிக்கிறோமே, அதைச் சொல்கிறேன். நான் அடித்தேன்.

ஜெய்ப்பூர் கால் பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது அது. டாக்டருக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத, ஆனால் கையில் வித்தை உள்ள மனிதர்.

அதற்கு முன் நம் நாட்டில் கொடுத்த பாதம் மேல்நாட்டு மாதிரி. கணுக்கால் அசையாது. ஷூவுக்குள் போட்டு நாற்காலி, மேஜை உள்ள இடத்தில் நடக்கச் சரி. நம் ஆள் என்ன செய்வான்? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். குத்துக்காலிட்டு உட்காருவான். வரப்பில் வெறுங்காலோடு நடப்பான். கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவான். அந்த மேல்நாட்டுப் பாதத்தோடு இதில் எதுவும் ஆகாது. அதனால் வாங்கிக்கொண்டு போனவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். சேத்தியும் சர்மாவும் அவர்களைச் சோம்பேறி என்று திட்டவில்லை. கால்தான் தப்பு என்று முடிவு செய்தார்கள். டயருக்கு ரப்பரை வேகவைத்து இறுக்கும் அதே முறையில், உள்ளே மரமும் பஞ்சு ரப்பரும் வைத்து, எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதத்தைச் செய்தார்கள். பார்க்கவும் விரலோடு நம் பாதம் மாதிரியே இருக்கும். ஷூ தேவையில்லை, தண்ணீரில் நனைந்தாலும் பரவாயில்லை.

கழற்றி வைத்தவன் ஏன் வைத்தான் என்று கேட்டதில்தான் அந்தக் கால் பிறந்தது. அதே காலை இன்று நாம் மேடையில் கொடுத்துவிட்டு, கழற்றி வைத்தவனை ஒன்றும் கேட்காமல் வருகிறோம்.

செயற்கைக் காலுக்குச் சொன்னது, இருக்கிற காலுக்குப் போடும் தாங்கு பட்டைகளுக்கும் பொருந்தும். நம் வயதில் அதுதான் அதிகம்.

எங்கள் எதிர் வீட்டு டீச்சரம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பாதம் தூக்க முடியாமல் தொங்கியது. அதற்கு முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை வரும் பிளாஸ்டிக் பட்டை செய்து கொடுத்தார்கள். நல்ல பட்டை. அளவும் சரி. போட்டால் பாதம் தரையில் இழுபடவில்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குள் அதைப் போடவே மாட்டார். ஒரு நாள் அடுக்களையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எல்லோரும், "பட்டையைப் போட்டுக்கக் கூடாதா டீச்சர்?" என்றார்கள்.

அந்தப் பட்டை ஷூவுக்குள் போட்டு நடக்கச் செய்தது. வெறும் பட்டையோடு நடந்தால் வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கும். ஷூவோடு வீட்டுக்குள் நடப்பது நம் பழக்கமில்லை. அடுக்களைக்கும் பூஜை அறைக்கும் செருப்புக் காலோடு போக டீச்சரம்மாவுக்கு மனசு வராது. ஆகப் பட்டை வாசலோடு நின்றது. டீச்சரம்மா நாள் முழுக்க நடப்பதோ வாசலுக்கு உள்ளே. எங்கே தேவையோ அங்கே அது இல்லை.

தீர்வு ரொம்பச் சின்னது. பிசியோதெரபிஸ்ட் சொல்லி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டி வைத்த செருப்பு ஒரு ஜோடி, பட்டைக்கு இடம் இருக்கும்படி ஒரு அளவு பெரிதாக, புதிதாக வாங்கினார்கள். அது தெருவையே பார்த்ததில்லை. "இது செருப்பு இல்லை, என் கால்" என்று டீச்சரம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டார். இப்போது பூஜை அறை வாசல் வரை அதோடுதான் போகிறார். யாராவது முதலிலேயே, "வீட்டில் எப்படி நடப்பீர்கள்?" என்று கேட்டிருந்தால் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

செருப்பு என்றதும் ஒன்று. செயற்கைக் காலை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் பொருத்துவார்கள். தட்டையான செருப்புக்குப் பொருத்திய காலில் குதி உயர்ந்த செருப்பைப் போட்டால் முழங்கால் முன்னால் தள்ளும். உயரமான குதிக்குப் பொருத்தியதை வெறுங்காலில் போட்டு நடந்தால் பின்னால் இழுக்கும். கால் கெட்டுவிட்டது என்று நினைப்போம், மாறியது செருப்பாக இருக்கும்.

இன்னொருவர் என் பள்ளித் தோழன். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப் போனவன். நம் தலைமுறையில் ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. 2014இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டபோது எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தொடை வரை வரும் இரும்புக் காலிப்பர். இரண்டு பக்கமும் கம்பி, தோல் பட்டை, கீழே கனமான பூட்ஸ். நிற்கும்போது முழங்கால் பூட்டு 'டக்' என்று விழும். உட்காரும்போது கையால் தூக்கி விட வேண்டும். வெயில் காலத்தில் தோல் பட்டைக்குள் வியர்த்துப் புண்ணாகும் என்று அவன் அம்மா உள்ளே பழைய பருத்திச் சேலையைத் தைத்து வைப்பார். பிள்ளை வளர வளரக் கம்பி போதாது. அவன் அப்பாவும் எங்கள் ஒர்க்‌ஷாப்தான். ஓய்வு நேரத்தில் கம்பியில் புதுத் துளை போட்டு நீட்டித் தருவார்.

கல்லூரி போன வருஷம் அதைத் தூக்கி எறிந்துவிட்டான். தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி நடக்கப் பழகிக்கொண்டான். அதைத் தைரியம் என்று நாங்கள் மெச்சினோம். இன்று எழுபது தாண்டி, இடுப்பும் முதுகும் ஒரு பக்கம் வளைந்து, நல்ல காலும் தேய்ந்து உட்கார்ந்திருக்கிறான். போன வருஷம் கேட்டேன், "ஏன்டா அன்றைக்கு எறிஞ்சே?" என்று. "கனம்டா. போட்டா வேகும். அதோட, என் அப்பா கண் மங்கினதுக்கு அப்புறம் அதை ரிப்பேர் பண்ண ஆளே இல்லையே" என்றான். இப்போது இலேசான பிளாஸ்டிக்கில் அதே பட்டை வருகிறது. அவனுக்கு அது ஐம்பது வருஷம் தாமதம்.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் ஒரு பட்டை வாங்கினேன். "மீடியம் போதும் சார், உங்க உடம்புக்கு" என்றார் கடைப் பையன். நாலு வீடு தாண்டுவதற்குள் அது கணுக்காலுக்கு வந்துவிடும். இறுக்கிக் கட்டினேன், பாதம் வீங்கிற்று. பிறகு டாக்டரிடம் போனால், டேப்பை எடுத்துத் தொடையையும் ஆடுசதையையும் அளந்து, வேறு மாதிரிப் பட்டை எழுதிக் கொடுத்து, தினம் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் சேர்த்துச் சொன்னார். 36 வருஷம் அளவு பார்த்துச் சம்பளம் வாங்கியவன், என் காலுக்குக் குத்துமதிப்பாக வாங்கியிருக்கிறேன்!

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. வலியே தெரியாதவருக்கு, "வலித்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. 1914இல் பிறந்து நம் பக்கத்துக் கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தபோது உணர்ந்தது இதுதான். கையும் காலும் சிதைவதற்குப் பெரும் காரணம், வலி தெரியாததால் தொடர்ந்து படும் காயங்கள். வலி ஒரு காவல்காரன். அவன் இல்லாத வீட்டில் நாம்தான் ரோந்து போக வேண்டும். பட்டையோ செயற்கைக் காலோ கழற்றிய உடனே, தினமும், நல்ல வெளிச்சத்தில் தோலைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கண்ணாடி. கழற்றிக் கொஞ்ச நேரம் ஆகியும் சிவப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். அந்தக் காவல்காரன் வேலையில் இருந்து, "வலிக்குது" என்று ஒருவர் சொன்னாலோ, அதைவிட நல்ல தகவல் டெக்னீஷியனுக்கு வேறில்லை. அதை முனகல் என்று தள்ளியது நாங்கள் செய்த பாவம்.

இனி என் கருத்து.

முகாம் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அண்ணனுக்கு அந்த ஒரு மாத நடைகூடக் கிடைத்திருக்காது. ஏழைகளுக்கு அவர்கள் செய்வது பெரிய உதவி. ஆனால் கால் கொடுப்பது பாதி வேலை. முகாமில் நூறு கால் கொடுத்தோம் என்று நோட்டீஸ் அடிக்கிறோம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், ஒரு வருஷம் கழித்து ஒரு நாள், அதே நூறு பேரையும் அழைத்து, சாக்ஸ் கொடுத்து, சாக்கெட்டைச் சரி பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் போதவில்லை என்றால் நூறுக்குப் பதில் எழுபது பேருக்குக் கொடுங்கள். எழுபது பேர் நடப்பது, நூறு கால் பரணில் கிடப்பதைவிட மேல். இது எனக்குச் சுலபமாக வந்த முடிவில்லை. மீதி முப்பது பேரை வரிசையிலிருந்து திருப்பி அனுப்புவது யார் என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் என் அண்ணன் இருந்த இரண்டு வருஷத்தைப் பார்த்தவன் என்பதால் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இதுவே. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. செயற்கைக் கால் வேண்டுபவர்கள் அங்கே மனுக் கொடுக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் ஒரு பட்டி அறுந்ததற்கும், சாக்கெட் லூஸானதற்கும் கால் இல்லாதவர் பஸ் ஏறி வெளியூர் போக முடியாது. பக்கத்திலேயே, வாரத்தில் ஒரு நாளாவது, கை தெரிந்த ஒரு டெக்னீஷியன் உட்கார வேண்டும். சைக்கிளுக்கு முக்குக்கு முக்கு பஞ்சர் கடை இருந்த ஊர் இது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. செயற்கைக் காலோடு நடப்பது சும்மா நடப்பது அல்ல. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கே அதே தூரத்துக்கு நம்மைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகமாக உடம்பு உழைக்கிறது. முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் மேல் அதிகம். மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. உதாரண புருஷர்களைக் காட்டி வெட்கப்படுத்தாதீர்கள்.

அண்ணனுக்குப் புதுச் சாக்கெட் போட்டார்கள். வளைந்த முழங்காலுக்கு ஏற்ப அந்தப் பையன் மூன்று தடவை திருத்தினார். பழையபடி தெருமுனை வரை போக முடியவில்லை. வீட்டுக்குள்ளும் திண்ணைக்கும் நடந்தார். பாத்ரூமுக்குத் தானே போனார். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. "இனிமே உங்க அண்ணியைக் கூப்பிட வேண்டாம்" என்று ஒரு தடவை சொன்னார். ஐந்து வருஷம் அப்படி நடந்து 2017இல் போனார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் கழற்றி வைக்கும் காலைத் துடைத்து, சாக்ஸைத் துவைத்துக் காயப் போடும் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தலைவர் வீட்டுக்குப் போய் என் நன்கொடையைக் கொடுத்தேன். கவர் மேல், 'மூன்று மாதம் கழித்து நடக்கும் இரண்டாம் முகாமுக்கு' என்று எழுதியிருந்தேன். "அப்படி ஒண்ணு பிளானில் இல்லையே சார்" என்றார். "இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். இன்னும் திருப்பித் தரவில்லை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு காலோ, காலிப்பரோ, பட்டையோ கிடந்தால், அதற்குச் சொந்தக்காரர் இருந்தால், இன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலித்தது என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலை முழுக்கக் கேளுங்கள்.